தறி நிற்காது, ஊடை தீரக்கூடாது: இசை மென்பொருள் செய்ய விரும்பும் வாசகிக்கு

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. கோவையில் ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எட்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் பக்கத்து வள்ளி கும்மிக் குழுக்களுக்கு எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் ட்ராக் செய்து கொடுப்பேன். பம்பைக்கும் உறுமிக்கும் மனதுக்குப் பிடித்த ப்ளக்-இன் (இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்) கிடைக்காமல் தேடித் தேடி, நாமே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. இசை தயாரிப்பு மென்பொருள் உருவாக்குவதையே தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை. பைத்தான் தெரியும், சி கொஞ்சம் தெரியும். இரண்டு லட்சம் ரூபாய் கட்டி சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோ சேரலாமா? ஏஐ படி என்கிறார்களே, அதுவா? அப்பா நாலு விசைத்தறி ஓட்டுகிறார். கேம்பஸில் கிடைக்கும் ஐடி வேலைக்குப் போ என்கிறார். என்னிடம் 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, சென்னிமலை

பதில்:

வணக்கம் அம்மணி. பணம் போகும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த டிப்ளமோவில் சேர வேண்டாம். மைக்கை எங்கே வைப்பது, மிக்ஸ் எப்படிச் செய்வது, ஸ்டுடியோவை எப்படி நடத்துவது என்று அங்கே சொல்லித் தருவார்கள். நல்ல படிப்புதான், ஆனால் மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கான படிப்பு. உங்களுக்கு அதில் வேண்டிய பங்கு, கும்மிக் குழுக்களுக்கு ட்ராக் செய்த அனுபவத்திலேயே பாதி வந்துவிட்டது. இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் துருவிப் பார்ப்பார்கள். நேரக்கெடு தவறாத சி++ நிரல் உங்களுக்கு எழுத வருமா? எழுதியதில் கோளாறு வந்தால், காதால் கேட்டு அது நிரலில் எந்த இடம் என்று சொல்ல வருமா? இரண்டுமே வீட்டில் உட்கார்ந்து பழகக்கூடியவை.

நேரக்கெடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கணினியிலிருந்து ஒலி சிறு சிறு கட்டுகளாக வெளியே போகிறது. ஒலி அட்டை நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவைக் குறிக்கும் எண்கள்) என்ற வேகத்தில் ஓடுகிறது, பஃபர், அதாவது ஒரு கட்டின் அளவு, 128 மாதிரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் உங்கள் நிரலுக்குக் கிடைக்கும் அவகாசம் 2.67 மில்லி நொடி. நொடிக்கு 375 தடவை உங்கள் ப்ளக்-இன்னின் ஒலிச் செயற்கூறு அழைக்கப்படும். அதைத்தான் கால்பேக் என்கிறார்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 1,12,500 அழைப்புகள். அதில் ஒன்றே ஒன்று பிந்தினாலும் ‘டப்’பென்று ஒரு வெடிப்பு கேட்கும். அந்த 2.67 மில்லி நொடியும் உங்களுக்கு மட்டும் இல்லை. அதே ப்ராஜெக்டில் இருக்கும் மற்ற முப்பது ப்ளக்-இன்களோடு பங்கு போட வேண்டும்.

உங்கள் வீட்டுத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து நாடா அதன் வேகத்தில் போய் வருகிறது. நாடாவுக்குள் தார், அதாவது ஊடை சுற்றிய குழல், தீர்வதற்குள் அடுத்த தார் சுற்றித் தயாராக இருக்க வேண்டும். ஊடை அறுந்தால் தறி தானாக நிற்க அதில் ஓர் ஏற்பாடு உண்டு, அதனால் துணி பிழைக்கிறது. ஒலி அட்டையில் அந்த ஏற்பாடு கிடையாது. ஊடை இல்லாவிட்டாலும் அது நெய்துகொண்டே போகும், பாட்டில் ஓட்டை விழும். இணையதளமோ வங்கிச் செயலியோ எழுதுகிறவர் சராசரி வேகம் நன்றாக இருந்தால் திருப்தி அடையலாம். இங்கே சராசரிக்கு மதிப்பில்லை. மிக மோசமான ஒரு தடவை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான் கேள்வி.

அதனால் கால்பேக்குக்குள் செய்யக்கூடாதவை சில உண்டு. நினைவகம் புதிதாகக் கேட்கக்கூடாது, விடவும் கூடாது. நினைவக மேலாளர் உள்ளுக்குள் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம், இயங்குதளத்திடம் கையேந்தலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கோப்பைப் படிக்கக்கூடாது. திரையில் ஒரு வரி அச்சிடக்கூடாது. ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் மியூடெக்ஸ் பூட்டுக்காகக் காத்திருக்கக்கூடாது. கடைசி விதியைத்தான் புதியவர்கள் அதிகம் மீறுகிறார்கள். ‘பூட்டை ஒரு மைக்ரோ நொடிதானே பிடித்திருப்போம்’ என்று நினைக்கிறார்கள். திரையை வரையும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) அந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போதே இயங்குதளம் அதை ஒதுக்கிவிட்டு வேறொரு வேலையை ஓடவிடும். முன்னுரிமை அதிகமுள்ள ஒலி த்ரெட், முன்னுரிமை குறைந்த ஒன்றுக்காக வாசலில் நிற்கும். உங்கள் லேப்டாப்பில் பத்து நாள் சோதித்தும் அகப்படாத இந்தக் கோளாறு, வாங்கியவர் மேடையில் வாசிக்கும்போது வெளியே வரும்.

கண்ணுக்குத் தெரியாமல் நினைவகம் கேட்கும் இடங்கள்தான் ஆபத்து. வெக்டரில் ஓர் உறுப்பைப் பின்னால் சேர்ப்பது, ஸ்ட்ரிங்கை ஒட்டுவது, பெரிய லாம்ப்டாவைப் பொதுச் செயற்கூறுப் பொருளுக்குள் வைப்பது எல்லாமே கேட்கக்கூடியவை. ஷேர்டு பாயின்டர் இன்னும் நுட்பமானது. பழைய ஒலிக்கோப்பின் கடைசிப் பிடி ஒலி த்ரெட்டிடம் இருந்தால், அது கைவிடும் நொடியில் முழுக் கோப்பையும் அழிக்கும் வேலை கால்பேக்குக்குள் நடந்துவிடும். இதற்கெல்லாம் மருந்து, வேண்டியதை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பதுதான். ஓட்டம் தொடங்குமுன் வரும் ‘ப்ரிப்பேர்’ அழைப்பில் அத்தனை இடத்தையும் வாங்கிவிடுங்கள். த்ரெட்டுகளுக்கு நடுவே சேதி அனுப்ப, ஒருவர் எழுத ஒருவர் படிக்கும் பூட்டில்லா வளையப் பஃபரைப் பயன்படுத்துங்கள். அதை நிரல் நூலகத்திலிருந்து எடுப்பதற்கு முன் ஒரு தடவை சொந்தமாக எழுதிப் பாருங்கள். எழுதும் குறியீடு, படிக்கும் குறியீடு இரண்டும் அட்டாமிக் மாறிகள். தன் குறியீட்டைப் புதுப்பிப்பவர் ‘ரிலீஸ்’ வரிசையிலும், மற்றவரின் குறியீட்டைப் பார்ப்பவர் ‘அக்வயர்’ வரிசையிலும் தொட வேண்டும். ஏன் அப்படி என்று ஒரு பக்கம் விளக்கி எழுத வந்துவிட்டால், நேர்முகத் தேர்வின் கடினமான பாதியைத் தாண்டிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

எஃப்எல் ஸ்டுடியோ பயன்படுத்துவதால் இன்னொன்றையும் சொல்கிறேன். அது ப்ளக்-இன்களுக்கு எப்போதும் ஒரே அளவுக் கட்டை அனுப்பாது. 512 என்று அமைத்திருந்தாலும் ஒரு தடவை 512, அடுத்து 37, அடுத்து 200 என்று வரலாம். ‘ப்ரிப்பேர்’ அழைப்பில் சொல்லப்படுவது அதிகபட்ச அளவு மட்டுமே. வருவது எப்போதும் அதே அளவு என்று நம்பி எழுதிய ப்ளக்-இன்கள் மற்ற மென்பொருள்களில் ஒழுங்காக ஓடி, எஃப்எல்லில் மட்டும் கரகரக்கும். உங்கள் கையில் இருக்கும் மென்பொருளே நல்ல சோதனைக்களம்.

இனி மொழி. சி++ படியுங்கள், சி++17 என்ற பதிப்பு போதும். எஃப்எல் ஸ்டுடியோவே பெரும்பாலும் டெல்ஃபி என்ற மொழியில் எழுதப்பட்டது, ரஸ்ட் மொழியிலும் இப்போது ப்ளக்-இன் எழுதுகிறார்கள். ஆனாலும் இந்தத் துறையின் பெரும்பாலான நிரலும், வேலை விளம்பரங்களும், எடுத்துக்காட்டுகளும் சி++தான். மொழி முழுவதையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. பொருளின் ஆயுளும் உரிமையும், ரெஃபரன்ஸ், மூவ், யூனிக் பாயின்டர், வெக்டர், எளிய டெம்ப்ளேட், அட்டாமிக், த்ரெட் ஆகியவை உறுதியாக வர வேண்டும். கூடவே நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட், தொகுப்பை அமைக்கும் சிமேக், பிழை தேடும் டீபக்கர். டீபக்கரைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை; வேலையில் பாதி நாள் அதற்குள்தான் போகும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இதற்கு மூன்று, நான்கு மாதம். பைத்தானை விட வேண்டாம். ஒரு ஃபில்டரை நம்பை, சைபை என்ற கணித நூலகங்களை வைத்துப் பத்து வரியில் வரைந்து பார்த்து, சரி என்றான பிறகு சி++இல் எழுதுவதுதான் ஒழுங்கான முறை.

சமிக்ஞைச் செயலாக்கத்தில் நீங்கள் ஈசிஇ என்பது பெரிய பலம். இசட் உருமாற்றம், கன்வல்யூஷன், நைக்விஸ்ட் எல்லாம் பாடத்தில் வந்திருக்கும். குறை என்னவென்றால், அங்கே தாளில் போட்டு மதிப்பெண் வாங்குவதோடு நின்றுவிடும். அதைக் காதுக்குக் கொண்டுவர ஐந்து பயிற்சிகள் போதும். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் ஒலியளவுக் குமிழ். எளிது என்று தாண்டிவிடாதீர்கள். டெசிபலை இருபதால் வகுத்து, பத்தின் அடுக்காக்கிப் பெருக்க வேண்டும். பாதி அளவு என்பது சுமார் –6 டெசிபல். குமிழைச் சட்டென்று திருப்பினால் ‘ஜர்ர்’ என்று ஜிப் இழுப்பது போல ஒரு சத்தம் வரும். மதிப்பு கட்டுக்குக் கட்டு படியாகத் தாவுவதுதான் காரணம். 20 மில்லி நொடிக்கு, அதாவது 48,000 வேகத்தில் 960 மாதிரிகளுக்கு, மெல்ல நகர்த்தினால் போய்விடும். பெரிய மென்பொருள்களிலும் ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் இந்த வேலை நடக்கிறது.

அடுத்தது எதிரொலி. அரை நொடி எதிரொலிக்கு 22,050 மாதிரிகள் என்று எண்ணாக எழுதிவைத்தால், 44,100 வேகத்தில் சரியாக இருக்கும். 48,000க்கு மாற்றினால் 0.46 நொடியாகச் சுருங்கித் தாளத்தை விட்டு விலகும். மாதிரி வேகத்தை ஒருபோதும் எண்ணாகப் பொறிக்கக்கூடாது என்பதை இதைப்போல் வேறெதுவும் கற்றுத் தராது. எதிரொலி தேய்ந்து அடங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒலி நின்ற பிறகு சிபியு சுமை ஏறலாம். எண்கள் 10-இன் –38-ஆம் அடுக்குக்கும் கீழே போய் டீநார்மல் ஆகிவிட்டன என்று அர்த்தம். சில சிபியுக்கள் அவற்றைக் கணக்கிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். அந்தச் சிற்றெண்களைச் சுழியமாக்கச் சிபியுவில் ஒரு கொடி உண்டு; கால்பேக்கின் முதல் வரியில் அதை ஏற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, ஈக்யூ குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் பைக்வாட் ஃபில்டர். ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் தொகுத்த ஈக்யூ சூத்திரங்கள் இணையத்தில் இலவசம், துறை முழுக்க அவற்றைத்தான் கைக்குறிப்பாக வைத்திருக்கிறார்கள். அவற்றை எழுதி, வெட்டு அதிர்வெண்ணை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஃபில்டர் உறுமும், சில நேரம் வெடிக்கும். ஏன் என்று தேடினால், ஒரே ஃபில்டரை எழுதப் பல வடிவங்கள் இருப்பதும், வேகமாக மாறும் இடத்துக்கு எந்த வடிவம் தாங்கும் என்பதும் தெரியவரும்.

நான்காவது, ரம்ப அலை. இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். –1 முதல் 1 வரை ஏறி விழும் ஓர் எண்ணை அப்படியே ஒலியாக விட்டால் ரம்ப அலைதானே என்று தோன்றும். 44,100 வேகத்தில் 2,000 ஹெர்ட்ஸ் சுரம் வாசித்துப் பாருங்கள். அதன் 20-ஆம் இசைமடங்கு (ஹார்மானிக்) 40,000 ஹெர்ட்ஸ். மாதிரி வேகத்தில் பாதியான நைக்விஸ்ட் எல்லையை, 22,050ஐத் தாண்டியதால் அது மடங்கி 4,100இல் வந்து உட்காரும். 21-ஆவது 2,100இல் வந்து அடிச்சுரத்தோடு உரசும். 22-ஆவது 100 ஹெர்ட்ஸில் அடியில் ஒரு ரீங்காரமாக விழும். சுரம் மேலே ஏற ஏற இந்தப் பேய் ஒலிகள் கீழே இறங்கும். கீபோர்டில் மேல் ஸ்தாயியில் மெல்ல வழுக்கிக்கொண்டு போனால், எதிர்த்திசையில் ஏதோ ஊளையிடுவது போலக் கேட்கும். ஒரு தடவை அடையாளம் தெரிந்துகொண்ட காது பிறகு மறக்காது. பாலிபிளெப் என்ற திருத்தமோ, இசைமடங்குகளை எல்லைக்குள் நிறுத்திய அலை அட்டவணைகளோ, மாதிரி வேகத்தை உள்ளே நான்கு மடங்காக்கி வடிகட்டிக் குறைப்பதோ மருந்து. மூன்றையும் எழுதி, சிபியு செலவையும் ஒலியையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். வேலை கேட்டு எழுதும் கடிதத்தோடு அனுப்பத் தகுந்த எழுத்து அது.

ஐந்தாவது, ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கை வைத்து ஓர் அதிர்வெண் காட்டி. 2,048 மாதிரிகளை எடுத்தால் 48,000 வேகத்தில் ஒவ்வொரு கட்டமும் 23.4 ஹெர்ட்ஸ் அகலம். கீழ் சுரங்களை அவ்வளவு அகலத்தில் பிரித்துக் காட்ட முடியாது. மாதிரிகளைக் கூட்டினால் சுரம் தெளியும், நேரம் மங்கும். எஃப்எஃப்டியைச் சொந்தமாக எழுதி நேரம் செலவழிக்க வேண்டாம், நல்ல நூலகங்கள் இருக்கின்றன.

காதைப் பற்றிச் சொல்லும்போது ஊர்ப் பேச்சுக்கு வராமல் முடியாது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறுமுகத்தை அடிக்கிறார்கள். தேய்க்கும்போது சுருதி ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. பதிந்த ஒலியைத் திரும்ப வாசிப்பது சாம்ப்ளர்; அடி, ஓய்வு என்று மட்டும் அறிந்த அதனால் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் உங்களுக்கு நல்ல உறுமி கிடைக்கவில்லை. ஒரு தேய்ப்பைப் பதிந்து, கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலால் இழுத்தால், தோலின் உடலதிர்வும் சேர்ந்து நகர்ந்து பொம்மைச் சத்தமாகிவிடும். கும்மிக் கைதட்டலும் அப்படித்தான். ஒரே தட்டலை 5 மில்லி நொடி தள்ளி இன்னொரு நகலாக வைத்தால், 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழுந்து குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருக்கும். இருபது பேர் தட்டல் வேண்டுமென்றால் வெவ்வேறு தட்டல்கள் வேண்டும். இதெல்லாம் உங்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிகிறது. வெளிநாட்டு நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு இது தெரிய வழியில்லை. உங்கள் விண்ணப்பம் நூற்றில் ஒன்றாகக் கலந்துவிடாமல் இருக்க இதுவே காரணமாகலாம்.

ஆகவே முதல் ப்ளக்-இன்னாகப் பம்பையை எடுங்கள். உறுமியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அது கடினம். நான்கு வகை அடி, ஒவ்வொன்றும் மெதுவாக, பலமாக என்று நான்கு அழுத்த நிலைகளில், ஒவ்வொரு நிலையிலும் நான்கு தடவை. மொத்தம் 64 பதிவுகள். ஒரே அடியை நான்கு தடவை பதிவதற்குக் காரணம் உண்டு. ஒரே கோப்பு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி போலிருக்கும், மாற்றி மாற்றி ஒலிக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு நொடி, 24 பிட், 48,000, ஸ்டீரியோ என்றால் வட்டில் சுமார் 37 எம்பி. நினைவகத்தில் 32 பிட் மிதவை எண்ணாக விரிக்கும்போது 49 எம்பி. உங்கள் 8 ஜிபி தாராளம். தறி ஓடாத நேரத்தில், ஹாலோபிளாக் சுவர்கள் இல்லாத திறந்த காட்டுவெளியில் பதியுங்கள். உச்ச அளவு –12 முதல் –6 டெசிபலுக்குள் நிற்கட்டும். வெட்டும்போது ஒவ்வொரு கோப்பும் அடி விழும் இடத்திலேயே தொடங்க வேண்டும். முன்னால் 10 மில்லி நொடி வெற்றிடம் விட்டால், வாசிப்பவருக்குக் கருவி சோம்பலாகத் தெரியும். காரணம் யாருக்கும் புரியாது.

நிரலுக்கு ஜூஸ் என்ற சி++ கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிரலிலிருந்து விஎஸ்டி3, ஏயு என்ற ப்ளக்-இன் வடிவங்களும், தனிச் செயலியும் கிடைக்கும். உங்கள் நிரலைத் திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டாலோ, வருமானம் சிறிதாக இருந்தாலோ கட்டணமில்லை. விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பும் இலவசம். ஒரே நேரத்தில் ஒலிக்க 32 குரல்கள் போதும். புதிய அடிக்கு இடமில்லாமல் பழையதை நிறுத்தும்போது 5 மில்லி நொடியில் தேய்த்து நிறுத்துங்கள், வெட்டினால் டப்பென்று கேட்கும்.

எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்று ப்ளக்-இன்னுக்குச் சொல்லும் மிடி நிகழ்வுகளில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிகழ்வோடும், அந்தக் கட்டுக்குள் எத்தனையாவது மாதிரியில் அது நிகழ வேண்டும் என்ற எண் வரும். அதைப் படிக்காமல் எல்லாவற்றையும் கட்டின் தொடக்கத்தில் வாசித்துவிட்டால், 512 பஃபரில் ஒவ்வொரு அடியும் 10 மில்லி நொடி வரை கண்டபடி இடம் மாறும். 64 பஃபரில் சோதித்தால் தெரியாது. வள்ளி கும்மியில் கடைசியில் வேகம் ஏறும்போது தாளம் கூழாகிவிடும். கட்டை நிகழ்வுகளின் இடத்தில் துண்டு துண்டாகப் பிரித்துச் செயலாக்குவதுதான் வழி.

ப்ராஜெக்டைச் சேமித்து மூடித் திறந்தால் எல்லாக் குமிழும் பழைய இடத்தில் நிற்க வேண்டும். அதற்குக் குமிழ்களின் அடையாளப் பெயர்களை வெளியீட்டுக்குப் பின் மாற்றவே கூடாது. மாற்றினால் வாங்கியவரின் பழைய பாட்டுகள் கெட்டுப்போகும். பிறகு ப்ளக்-இன்வால் என்ற இலவசச் சோதனைக் கருவியைப் பத்தாம் கடுமை நிலையில் ஓட்டித் தேற வேண்டும். நேரடியாக வாசித்த பதிவையும் ஆஃப்லைனில் ரெண்டர் செய்ததையும் தலைகீழ் ஃபேஸில் கூட்டிப் பாருங்கள், மிச்சம் மௌனமாக இருக்க வேண்டும். ஒலிக்கோப்புகளைச் சீரற்ற முறையில் மாற்றி வாசிக்க வைத்திருந்தால் இந்தச் சோதனைக்கு அதை அணைத்துவிடுங்கள்.

மேக் இல்லையே என்று தயங்க வேண்டாம். நிரல் பொதுவில் இருந்தால் கிட்ஹப்பின் தானியங்கி வசதியில் மேக் இயந்திரத்தில் இலவசமாகவே தொகுக்கலாம். ஆனால் வெளியிடும் முன் ஒரு நிஜ மேக்கில் காதால் கேட்டே தீர வேண்டும். விற்பனைக்கு வரும்போது ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர் கட்டிக் கையொப்பமும் சான்றும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவரின் கணினி ‘இது ஆபத்து’ என்று மிரட்டும். வாங்கும் பொருள் என்று பார்த்தால் இப்போதைக்கு இரண்டுதான்: ஏசியோ டிரைவர் (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைப்பது) உள்ள சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ், நேர்மையாக ஒலிக்கும் மூடிய ஹெட்ஃபோன். டிப்ளமோ கட்டணத்தில் சிறு பங்கு.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். பாட்டிலிருந்து குரலைப் பிரிப்பது, இரைச்சல் நீக்குவது, கிடார் ஆம்ப்பைப் போலி செய்வது எல்லாம் இன்று நரம்பு வலைகளால் நடக்கின்றன. டீசர் என்ற பாட்டுச் சேவை 2019இல் வெளியிட்ட, குரலைப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர் எல்லோரும் எடுத்துப் பார்க்கக் கிடைக்கிறது. ஆனால் பைத்தானில் ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். அதை 2.67 மில்லி நொடிக்குள் நினைவகம் கேட்காமல் ஓட வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அடிப்படை கைக்கு வந்த பிறகு ஏஐ படித்தால் இரண்டும் சேரும். முதலிலேயே அதற்குப் போனால் கூட்டத்தில் ஒருவராக நிற்பீர்கள்.

இனி அப்பாவின் கேள்வி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கேம்பஸ் வேலையைத் தட்டாதீர்கள். இசை மென்பொருள் நிறுவனங்கள் சிறியவை, இடங்கள் குறைவு. ஏபிள்டன் பெர்லினில், ஸ்டெய்ன்பெர்க் ஹாம்பர்க்கில், எஃப்எல் ஸ்டுடியோ செய்யும் இமேஜ்-லைன் பெல்ஜியத்தில் இருக்கின்றன. புதிதாகப் படிப்பு முடித்தவரை அங்கிருந்து நேராக அழைப்பது அரிது. பக்கத்து வாசல் வழியாகப் போவதே நடக்கக்கூடியது. கார் ஒலி, ஹெட்ஃபோன், காணொளி அழைப்பு, செவித்துணைக் கருவி ஆகிய எல்லாவற்றிலும் இதே கால்பேக், இதே ஃபில்டர், இதே நேரக்கெடு. ஒலி நிறுவனங்களான டால்பிக்கும் ஹார்மனுக்கும் பெங்களூரில் அலுவலகங்கள் உண்டு. கோவையிலேயே கிடைக்கும் எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் நிரல்) வேலையும் நல்ல படிக்கட்டு. மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைக்கு நேரம் தவறாமல் சி எழுதியவருக்கு ஒலி த்ரெட் பழகிய இடம் போலிருக்கும். சர்வீஸ் நிறுவனத்தில் இரண்டு வாய்ப்பு வந்து, ஒன்று ஜாவா, மற்றது சி அல்லது சி++ என்றால், மாதம் சில ஆயிரம் குறைந்தாலும் இரண்டாவதை எடுங்கள்.

கணிதம் தெரிந்தால்தான் வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு ப்ளக்-இன் நிறுவனத்தில் சமிக்ஞைச் சூத்திரம் எழுதுபவர் ஒருவர் என்றால், திரை, நிறுவி, உரிமச் சரிபார்ப்பு, தானியங்கிச் சோதனை, வெவ்வேறு மென்பொருள்களோடு ஒத்துப்போகாத கோளாறுகள் என்று மற்றவர்களே அதிகம். சோதனைப் பிரிவில் நுழைந்து நிரல் பக்கம் நகர்வதும் வழக்கம்தான். சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசர், ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போன்ற திறந்த மூலத் திட்டங்களில் சிறு கோளாறு ஒன்றைச் சரிசெய்து அனுப்பினால், உங்கள் நிரலை அனுபவசாலிகள் வரிவரியாகத் திருத்துவார்கள். கட்டணம் கட்டினாலும் அப்படி ஒரு வகுப்பு கிடைக்காது. ஆடியோ டெவலப்பர் மாநாட்டின் உரைகள் யூடியூபில் இலவசம். நிகழ்நேர நிரல் பற்றியவற்றை முதலில் பாருங்கள். ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப் பழகுங்கள். தூரத்திலிருந்து வேலை செய்பவரை, எழுதும் கோளாறு அறிக்கையை வைத்தே எடைபோடுவார்கள்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, பஃபர் எவ்வளவு, என்ன செய்தால் வருகிறது, பத்துக்கு எத்தனை தடவை.

இந்த வாரத் தொடக்கம் இவ்வளவுதான். கம்பைலரை நிறுவுங்கள், ஜூஸின் எடுத்துக்காட்டு ப்ளக்-இன் ஒன்றைத் தொகுத்து எஃப்எல்லில் திறந்து பாருங்கள். முதல் தடவை பாதைகள் சரியில்லாமல் ஒரு முழு நாள் போகும், அது எல்லோருக்கும் போவதுதான். மறுநாள் அதில் ஒலியளவுக் குமிழைச் சேருங்கள்.

பம்பைக்காரரிடம் பதிவுக்குப் போகும்முன் ஒன்று செய்யுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நிகழ்த்தும் கலைஞருக்குத் தன் வாசிப்பின் மேல் தனி உரிமை தருகிறது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிட வேண்டாம். ஒரு பக்கத் தாளில் தமிழிலேயே எழுதுங்கள். யார், எந்த வாத்தியத்தை, எந்தத் தேதியில் வாசித்தார், அந்த ஒலி விற்கும் மென்பொருளில் சேரப் போகிறது என்பது, கொடுக்கும் தொகை, ப்ளக்-இன்னில் அவர் பெயர் வரும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். அவருக்குப் படித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிட்டு மைக்கை எடுங்கள். பதிவு முடிந்ததும் 64 ஒலிகளையும் அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். எந்த அடி சரியாக விழவில்லை என்று அவர் சொல்வார்.